8-க்கும் 11-க்கும் பொருந்துமா?
கியர் சைக்கிளின் பல்சக்கரக் கணக்கு

ஆடி மாதம். காலை 6 மணி. திண்டுக்கல்லில் இருந்து பழனி போகும் ரோடு.

மேற்கே இருந்து காற்று வீசுகிறது. சாதாரணக் காற்று அல்ல. அம்மியையும் பறக்க வைக்கும் என்று சொல்வார்களே, அந்த ஆடிக் காற்று!

இரண்டு பேர் எதிர்காற்றில் சைக்கிள் மிதிக்கிறார்கள். ஒருவர் பெரியவர். அவருடைய சைக்கிளுக்கு வயது 30 இருக்கும். கேரியரில் ஒரு புல்லுக்கட்டு. மற்றவர் மில் வேலைக்குப் போகும் வாலிபர். அவர் ஓட்டுவது கியர் சைக்கிள். பின் சக்கரத்தில் மட்டும் 9 பல்சக்கரங்கள் பளபளக்கின்றன.

யார் முந்துவார்? வாலிபர்தானே?

இல்லை! "கடக்... கடக்..." என்று வாலிபரின் செயின் இரண்டு பல்லுக்கு நடுவே தடுமாறுகிறது. மிதித்தால் நழுவுகிறது. பெரியவர் மெதுவாக அவரைத் தாண்டிப் போகிறார். போகிற போக்கில் திரும்பிப் பார்த்து ஒரு கேள்வியையும் போடுகிறார்:

"என்ன தம்பி, இம்புட்டுப் பல்லு இருந்தும் கடிக்க மாட்டேங்குதா?"

திண்டுக்கல் வட்டாரத்தில் மட்டும் அல்ல, கியர் சைக்கிள் ஓடும் எல்லா ஊர்களிலும் பார்க்கக்கூடிய காட்சிதான் இது. வாலிபர் செய்த தப்பு என்ன? ஒரு தலைமுறைச் சாமானை இன்னொரு தலைமுறைச் சாமானோடு சேர்த்து வைத்ததுதான்.

"லீவர் லீவர்தானே!"

வாலிபர் வாங்கியது பழைய சைக்கிள். பின்னால் 9 பல்சக்கரம் உள்ளது. ஓட்டிய சில மாதத்தில் வலது கை கியர் லீவர் உடைந்து போயிற்று. சிநேகிதர் ஒருவர் தன்னிடம் சும்மா கிடந்த லீவரைக் கொடுத்தார். அது 11 பல்சக்கரத்துக்காகச் செய்த லீவர். "லீவர் லீவர்தானே! கம்பெனியும் ஒன்றுதானே!" என்று மாட்டி விட்டார்கள்.

அன்று முதல் தொல்லை.

ஒரு கடையில் காட்டினார். "எல்லாத்தையும் மாத்தணும் தம்பி. லீவர், பல்லு, செயின், பின் வீலு, எல்லாமே" என்று சொன்னார்கள். அந்தப் பணத்துக்கு அவர் பல மாதம் மிச்சம் பிடிக்க வேண்டும். இன்னொரு கடையில், "ஒயரைக் கொஞ்சம் இழுத்துக் கட்டினால் சரியாகப் போகும்" என்றார்கள். கட்டினார்கள். சரியாகவில்லை.

இரண்டு கடைக்காரர்கள் சொன்னதும் தவறு. எல்லாவற்றையும் மாற்றத் தேவை இல்லை. இழுத்துக் கட்டினாலும் தீராது. ஏன் என்று தெரிந்துகொள்ள, முதலில் செயினைப் பார்க்க வேண்டும்.

மாறாத அரை அங்குலம்

புல்லுக்கட்டுப் பெரியவரின் சைக்கிள் செயினில் ஒரு ஆணிக்கும் அடுத்த ஆணிக்கும் இடையே உள்ள தூரம் அரை அங்குலம். வாலிபரின் கியர் சைக்கிளில்? அதுவும் அரை அங்குலம்! பள்ளிக்கூடத்தில் 11-ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசு கொடுக்கும் சைக்கிளிலும் அதே அரை அங்குலம். உலகப் பந்தயத்தில் ஓடும் பல லட்ச ரூபாய் சைக்கிளிலும் அதே அரை அங்குலம்தான்.

இந்த வகை உருளைச் செயினுக்கு 1880-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரத்தில் காப்புரிமை வாங்கியவர் ஹான்ஸ் ரெனால்டு. அவர் சுவிட்சர்லாந்தில் பிறந்தவர். 1885-இல் ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பவர் "ரோவர்" என்ற சைக்கிளைக் கொண்டு வந்தார். பின் சக்கரத்தைச் செயின் இழுத்தது. இன்று நாம் ஓட்டும் சைக்கிளுக்கு அதுதான் தாத்தா. 1903-இல் ரைட் சகோதரர்கள் பறக்க விட்ட விமானத்திலும் விசிறிகளைச் சுழற்றியது செயின்தான்! அவர்களே சைக்கிள் கடைக்காரர்கள் அல்லவா?

நம் சென்னை அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் கம்பெனி 1949-இல் தொடங்கியது. ஹெர்குலிஸ் சைக்கிள்கள் அங்கிருந்துதான் ஊர் ஊராக வந்தன. 1960-இல் செயின் செய்வதற்கென்றே டி.ஐ. டயமண்ட் செயின் கம்பெனி ஏற்பட்டது.

ஆக, நீளத்தில் எந்தத் தகராறும் இல்லை. தகராறு எல்லாம் அகலத்தில்தான் இருக்கிறது.

நெருக்கடி

சாதாரண சைக்கிளில் பின்னால் ஒரே ஒரு பல்சக்கரம். தனி வீட்டில் இருப்பது போல. தடித்த பல், அகலச் செயின். யாருக்கும் இடைஞ்சல் இல்லை.

கியர் சைக்கிள் அப்படி அல்ல. அது ஒண்டுக்குடித்தனம். பின் சக்கரத்தின் நடுவே உள்ள கையகல இடத்தில் ஒரு காலத்தில் 6 பல்சக்கரம் இருந்தது. பிறகு 7, 8, 9, 10 என்று குடி ஏறிக்கொண்டே போயிற்று. இடமோ அதிகம் கூடவில்லை. அதனால் ஒவ்வொரு குடியும் கொஞ்சம் ஒடுங்கி உட்கார்ந்தது.

ஷிமானோ கம்பெனியின் 8 பல்சக்கர அடுக்கில், ஒரு பல்லின் நடுவில் இருந்து அடுத்த பல்லின் நடு வரை 4.8 மில்லி மீட்டர். 9 அடுக்கில் அது சுமார் 4.34. 10 அடுக்கில் 3.95. ரோடு சைக்கிளின் 11 அடுக்கில் சுமார் 3.7 மில்லி மீட்டர்தான்.

இடைவெளி குறையக் குறையச் செயினும் இளைத்தது. 8 பல்சக்கரச் செயினின் வெளி அகலம் சுமார் 7 மில்லி மீட்டர். 11 பல்சக்கரச் செயினுக்கு 5.5 மில்லி மீட்டர்தான்.

இதில் ஒரு நன்மையும் உண்டு. 8, 9, 10 மூன்று அடுக்குகளும் பொதுவாக ஒரே பின் ஹப்பில் ஏறும். 10 அடுக்குக்கு 1 மில்லி மீட்டர் வளையம் ஒன்று சேர்க்க வேண்டி இருக்கும். அது பல்லடுக்குடனே வரும். ரோடு சைக்கிளின் 11 அடுக்குக்கு மட்டும் 1.85 மில்லி மீட்டர் கூடுதல் இடம் வேண்டும். ஆகவே பழைய ஹப்பில் அது ஏறாது. புதிய 11 ஹப்பில் பழைய அடுக்கை ஏற்றலாம். 1.85 மில்லி மீட்டர் வளையம் ஒன்றைப் பின்னால் போட்டால் போதும்.

எதற்கு இத்தனை பல்?

முன்னால் 48 பல், பின்னால் 18 பல் உள்ள சாதாரண சைக்கிளை ஒரு முழுச் சுற்று மிதித்தால், வண்டி ஏறக்குறைய 6 மீட்டர் போகும். ஏற்றமானாலும் 6 மீட்டர். இறக்கமானாலும் 6 மீட்டர். எதிர்காற்று வந்தாலும் அதே 6 மீட்டர்தான். தொடைதான் கணக்குத் தீர்க்க வேண்டும்.

கியர் சைக்கிளில் முன்னால் 34, பின்னால் 32 என்று செயினை மாற்றினால் ஒரு சுற்றுக்குச் சுமார் 2 மீட்டர் போகும். மிதிப்பது லேசு. முன்னால் 50, பின்னால் 11 என்று வைத்தால் 9 மீட்டருக்கு மேல் பாயும்.

திண்டுக்கல்காரர்களுக்கு இதன் அருமை தெரியும். ஊரைச் சுற்றிச் சமவெளி. ஆனால் நத்தம் ரோட்டில் இருந்து சிறுமலைக்குத் திரும்பினால் 18 கொண்டை ஊசி வளைவுகள். வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் போனால் 2,000 மீட்டருக்கு மேல் உள்ள உயரத்துக்கு ஏற்றம். ஒரே பல்லை வைத்துக்கொண்டு அங்கே என்ன செய்வது? இறங்கித் தள்ள வேண்டியதுதான்!

மில் தொழிலாளிகளுக்கு இந்தக் கணக்கைச் சொல்லிக் கொடுக்கவே வேண்டாம். நூற்பு மெஷினில் நூலின் கவுண்டு மாற வேண்டுமானால் பல்சக்கரத்தைக் கழற்றி வேறு பல் எண்ணிக்கை உள்ள சக்கரத்தைப் போடுவார்கள். பல் மாறினால் நூல் மாறும். அதே சங்கதிதான் இங்கேயும்.

பிரான்ஸ் நாட்டில் நடக்கும் "டூர் தி பிரான்ஸ்" என்ற பெரிய சைக்கிள் பந்தயத்தில், செயினைத் தள்ளி மாற்றும் கருவியை 1937 வரை வீரர்கள் பயன்படுத்த விடவில்லை. அதற்கு முன் எப்படி ஏறினார்கள் தெரியுமா? பின் சக்கரத்தின் இரண்டு பக்கமும் வெவ்வேறு பல்சக்கரம் இருக்கும். மலை அடிவாரம் வந்ததும் இறங்கி, சக்கரத்தைக் கழற்றி, திருப்பி மாட்டிக்கொண்டு ஏறுவார்கள்!

பூட்டும் சாவியும்

1984-க்கு முன்னால் கியர் மாற்றுவது கைப்பழக்கம். லீவருக்கு இத்தனை இழு என்று கணக்குக் கிடையாது. ஓட்டுகிறவர் கொஞ்சம் தள்ளுவார். செயின் சத்தம் போட்டால் இன்னும் கொஞ்சம் தள்ளுவார். அந்தக் காலத்துச் சாமான்களை எப்படிக் கலந்தாலும் ஓடும். எண்ணுகிற வேலையை மனிதனின் காது செய்தது.

1984-இல் ஷிமானோ கம்பெனி "டூரா-ஏஸ்" சாமான்களில் "கிளிக்" லீவரைக் கொண்டு வந்தது. ஒரு கிளிக், ஒரு பல். காதுக்கு வேலை இல்லை.

இந்த ஷிமானோ யார்? ஜப்பானில் சக்காய் என்று ஓர் ஊர். கத்திக்கும் துப்பாக்கிக்கும் பேர் போன கொல்லர்கள் வாழ்ந்த ஊர். இரும்பில் கைதேர்ந்த அந்த ஊர், பின்னாளில் சைக்கிள் சாமான் செய்யத் தொடங்கியது. அங்கே 1921-இல் ஷோசாபுரோ ஷிமானோ என்பவர் ஒரு பட்டறை வைத்தார். அவர் முதலில் செய்த சாமான் பிரீவீல்.

இரும்பு வேலை என்றதும் திண்டுக்கல்காரர்களுக்குப் பூட்டு நினைவுக்கு வராமல் இருக்குமா? 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பூட்டு அல்லவா! கிளிக் லீவரைப் புரிந்துகொள்ள அந்தப் பூட்டே போதும். பூட்டுக்குள் பல லீவர் தகடுகள் இருக்கின்றன. சாவியின் ஒவ்வொரு வெட்டும் ஒவ்வொரு தகட்டைச் சரியான உயரத்துக்குத் தூக்க வேண்டும். ஒரு மயிரிழை கூடினாலும் குறைந்தாலும் பூட்டு திறக்காது. சாவி பூட்டுக்குள் நுழைவது வேறு, திறப்பது வேறு.

வாலிபரின் 11 லீவர் அவருடைய 9 சைக்கிளில் நுழைந்தது. ஆனால் திறக்கவில்லை.

தப்பு எங்கே?

லீவரைத் தட்டினால் அது ஒயரை இழுக்கிறது. ஒயர், பின்னால் தொங்கும் ஒரு கையை நகர்த்துகிறது. "டீரெய்லர்" என்று அதற்குப் பெயர். அந்தக் கைதான் செயினைப் பக்கத்துப் பல்லுக்குத் தள்ளுகிறது.

ஷிமானோவின் பழைய ரோடு டீரெய்லர், ஒயர் 1 மில்லி மீட்டர் வந்தால் சுமார் 1.7 மில்லி மீட்டர் நகரும். 9 லீவர் ஒரு கிளிக்குக்குச் சுமார் 2.5 மில்லி மீட்டர் ஒயரை இழுக்கும். பெருக்கிப் பார்த்தால் 4.25 வரும். 9 அடுக்கின் இடைவெளி 4.34. கிட்டத்தட்ட ஒன்றுதான்.

8 லீவர் 2.8 இழுக்கும். 1.7-ஆல் பெருக்கினால் 4.76. அதுவும் 8 அடுக்கின் 4.8-க்குப் பொருந்துகிறது. 10 லீவர் 2.3 இழுக்கும். பெருக்கினால் 3.9. அதுவும் சரி. மூன்று லீவர்களும் மாறுகின்றன, மூன்று பல்லடுக்குகளும் மாறுகின்றன. டீரெய்லர் மட்டும் மாறவில்லை!

2012-இல் 11 பல்சக்கரம் வந்தபோது கம்பெனி இந்தக் கணக்கையே மாற்றி விட்டது. புதிய டீரெய்லர் ஒயரின் 1 மில்லி மீட்டருக்குச் சுமார் 1.4 தான் நகரும். அதற்கு ஏற்றபடி 11 லீவர் 2.7 இழுக்கும்.

இப்போது வாலிபரின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 11 லீவர், பழைய டீரெய்லர். 2.7-ஐ 1.7-ஆல் பெருக்கினால் 4.6. அவருக்கு வேண்டியதோ 4.34. ஒவ்வொரு கிளிக்குக்கும் கால் மில்லி மீட்டர் கூடுதல். முதல் இரண்டு மூன்று கிளிக் சமாளிக்கும். ஐந்தாவது கிளிக்கில் செயின் 1 மில்லி மீட்டருக்கு மேல் தள்ளிப் போயிருக்கும். ஒரு பல்லின் தடிப்பே 2 மில்லி மீட்டருக்குள்தான். "கடக்... கடக்..." கேட்காமல் என்ன செய்யும்? ஒயரை எவ்வளவு இழுத்துக் கட்டினாலும் ஒரு முனையில் சரியாகும், மறுமுனையில் கெடும்.

எது எதோடு சேரும்?

லீவர் எண்ணுகிறது. பல்லடுக்கு எண்ணப்படுகிறது. இரண்டிலும் எண்ணிக்கை ஒன்றாக இருக்க வேண்டும். டீரெய்லர் வெறும் ஏவலாள். அது லீவரின் பாஷையைப் புரிந்துகொள்கிற ஆளாக இருந்தால் போதும். ஷிமானோவின் 8, 9, 10 ரோடு சாமான்கள் பொதுவாக ஒரே பாஷை பேசும். 11 வேறு பாஷை.

இதில் ஏமாற்றுப் பேர்வழிகளும் உண்டு. "டியாகரா 4700" என்ற சாமானில் பல்சக்கரம் 10 தான். ஆனால் அது 11-இன் கணக்கில் செய்தது. பழைய 10 லீவருடன் ஒட்டாது. 1984-இல் பிறந்த டூரா-ஏஸ் 7400 வரிசையின் பின் டீரெய்லரும் தன் வீட்டாரோடு மட்டுமே சேரும். பின்னால் வந்த ஷிமானோ லீவர்களுடன் அது பொருந்தாது. இத்தாலியின் கம்பன்யோலோ, அமெரிக்காவின் ஸ்ராம் ஆகிய கம்பெனிகளுக்கும் தனித்தனி கணக்கு. ஒரு கம்பெனி லீவரை இன்னொரு கம்பெனி டீரெய்லருக்குப் போடாமல் இருப்பது நல்லது. 2021-இல் வந்த 12 பல்சக்கர டூரா-ஏஸில் கியருக்கு இழுக்கும் ஒயரே இல்லை. மின்சாரத்தில் வேலை செய்கிறது. அங்கே நம் பெருக்கல் கணக்குக்கும் வேலை இல்லை.

செயினுக்கு வருவோம். ஒல்லிச் செயின் அகல இடைவெளியில் பெரும்பாலும் ஓடி விடும். 9 செயினை 8 அடுக்கில் தைரியமாகப் போடலாம். தடித்த செயினை நெருக்கமான அடுக்கில் போட்டால் பக்கத்துப் பல்லில் உரசும். சாதாரண சைக்கிளுக்குக் கியர் செயின் கூடாது. அதன் தடித்த பல் ஒல்லிச் செயினுக்குள் இறங்காது.

சுத்தியல் வேண்டாம்!

ரோட்டோரக் கடையில் சாதாரண சைக்கிள் செயின் அறுந்தால் என்ன செய்வார்கள்? பழைய ஆணியை வைத்துச் சுத்தியலால் தட்டி விடுவார்கள். அல்லது செயின் லாக் போடுவார்கள். தடித்த செயின், அது தாங்கும்.

அதே வைத்தியத்தை 10, 11 செயினுக்குச் செய்தால் ஆபத்து. அதன் பக்கத் தகடு மிகவும் மெல்லியது. ஒரு முறை வெளியே தள்ளிய ஆணியைத் திரும்பத் தட்டினால் தகட்டின் துளை தளர்ந்து விடும். சமவெளியில் தெரியாது. சிறுமலை வளைவில் எழுந்து நின்று மிதிக்கும்போது தெறிக்கும். மிதிக்கிறவர் கைப்பிடியில் போய் விழுவார். அந்தச் செயினுக்கு என்று செய்த புது ஆணியோ, இணைப்பு லிங்கோதான் போட வேண்டும்.

பெரிய பல்லடுக்கு மாட்டும்போதும் கவனம் தேவை. செயின் நீளம் போதாவிட்டால் டீரெய்லர் முறுக்கிக்கொண்டு போக்ஸ் கம்பிக்குள் மாட்டும். சக்கரம் சட்டென்று நிற்கும். இந்த விஷயத்தில் சிக்கனம் பார்ப்பது புத்திசாலித்தனம் அல்ல.

ஸ்கேல் சொன்ன தீர்ப்பு

வாலிபர் கடைசியாக ஒரு வயதான மெக்கானிக்கிடம் போனார். அவர் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தினார். பெடலை ஒரு சுற்றுச் சுற்றினார்.

"இந்த லீவர் யார் கொடுத்தது தம்பி?"

"சிநேகிதன் கொடுத்தான் அண்ணே. சும்மா கிடந்துச்சுன்னு."

"நல்லா இருக்கிற லீவர். உன் வண்டிக்குத்தான் ஆகாது. அவன்கிட்டயே கொடுத்துரு."

9 லீவர் கிடைத்தால் எல்லாவற்றையும் விடச் சுலபம். அது அப்போது கிடைக்கவில்லை. மெக்கானிக் வேறு வழி சொன்னார். புது 8 லீவர் ஒன்று, 8 பல்லடுக்கு ஒன்று. 8 சாமான் எல்லாவற்றிலும் விலை குறைவு. டீரெய்லர் அதேதான். பின் வீலும் அதேதான். ஒரு பல் குறையும். அவ்வளவுதான்.

வாலிபருக்கு முகம் வாடி விட்டது. 9-இல் இருந்து 8-க்கு இறங்குவதா? "சின்னப் பல்லும் பெரிய பல்லும் இப்போது இருக்கிற அளவிலேயே வாங்கலாம். நடுவிலேதான் ஒண்ணு போகும். காத்துக்கும் மலைக்கும் நீ எண்ணிக்கையா காட்டப் போறே?" என்றார் மெக்கானிக்.

செயினைத் தொடும் முன், பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கும் ஓர் அடி ஸ்கேலை எடுத்தார். செயினை இழுத்துப் பிடித்து, ஒரு ஆணியின் நடுவில் ஸ்கேலின் முனையை வைத்தார். அரை அரை அங்குலமாக 24 கண்ணி. புதுச் செயினில் 25-ஆவது ஆணி சரியாக 12 அங்குலக் கோட்டில் நிற்கும். ஓடி ஓடித் தேய்ந்த செயின் நீளும். கோட்டைத் தாண்டி அங்குலத்தில் 16-இல் ஒரு பங்கு போயிருந்தால் செயினை மாற்ற வேண்டும். 8-இல் ஒரு பங்கு போயிருந்தால், அது பல்லையும் தின்றிருக்கும். இரண்டையும் மாற்ற வேண்டும். வீட்டில் எந்தச் சைக்கிளிலும் யார் வேண்டுமானாலும் இப்படி அளந்து பார்க்கலாம்.

வாலிபரின் செயின் 16-இல் ஒரு பங்கைத் தொட்டிருந்தது. செயினும் புதிதாயிற்று. அப்படியும், முதல் கடை சொன்ன சாமான்களில் பின் வீல் செலவு மிச்சம். 11 டீரெய்லர் செலவும் மிச்சம்.

கழற்றிய 9 பல்லடுக்கு இன்னும் தேயவில்லை. மெக்கானிக் அதை மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்து, பழைய பேப்பரில் சுற்றி வாலிபர் கையில் கொடுத்தார்.

"வீட்டில் வை தம்பி. 9 லீவர் எங்கேயாவது மாட்டினால் இதையும் எடுத்துக்கிட்டு வா."